சேவல் இல்லாத வளவில கரு கட்டின முட்டை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னட்ட ஏழு ஊர்ப்பேடு நிக்குது, சேவல் இல்லை, இருந்த ஒரேயொரு சேவலையும் நாய் கடிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆகுது. ஒரு பேடு அடைக்குக் கிடந்து கூட்டை விட்டு எழும்பேல்ல, சரி கிடக்கட்டும் எண்டு பத்து முட்டையை வைச்சு விட்டன். எட்டாம் நாள் ராத்திரி போன் டோர்ச்சைப் பிடிச்சுப் பார்த்தா ஒன்பது முட்டை தெளிவாக் கிடக்கு, ஒண்டில மட்டும் உள்ளுக்க மங்கலா படலம் மாதிரியும் ஓரத்தில மெல்லிய சிவப்புக் கோடும் தெரியுது. மாமி சொல்லுறா கோழி மண் குளிக்கேக்க அந்தச் சூட்டில கரு கட்டுமாம், பக்கத்து வீட்டு அண்ணை சொல்லுறார் அப்பிடி உலகத்திலயே நடக்காது, நான் பொய் சொல்லுறன் எண்டு. சேவல் இல்லாமல் கரு வருமா வராதா?
வாசகி, விசுவமடு

பதில்: தங்கச்சி, நீங்கள் கண்ணால கண்டதைத்தான் சொல்லியிருக்கிறீங்கள், அதைப் பொய் எண்டு சொல்ல ஒருத்தருக்கும் உரிமை இல்லை. கேள்விக்கு நேர பதில் சொல்லுறதெண்டா, ஓம், சேவல் இல்லாமலும் முட்டையில கரு வளரத் தொடங்கும், அது உண்மையா நடக்கிற விசயம், ஆனா உங்கட வளவில நடந்தது அதுதான் எண்டு நான் நினைக்கேல்ல, ஏனெண்டதையும் சொல்லுறன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா வாசியுங்கோ.

முதல்ல ஒரு விசயம். பேடு முட்டை போடுறதுக்குச் சேவல் தேவையே இல்லை. பருவம் வந்த பேட்டுக்கு மஞ்சள் கரு சூலகத்தில இருந்து கழண்டு, குழாய் வழிய இறங்கி, வெண்கரு சுத்தி, ஓடு கட்டி வெளியில வர 24 மணித்தியாலத்தில இருந்து 26 மணித்தியாலம் மட்டில எடுக்கும், அதில 20 மணித்தியாலம் அளவு ஓடு கட்டத்தான் போகுது. சேவலின்ர விந்து சேருறதெண்டா மஞ்சள் கரு கழண்ட உடன, முதல் கால் மணித்தியாலத்துக்குள்ள சேர்ந்தாத்தான் உண்டு, அதுக்குப் பிறகு வெண்கரு மூடிப்போடும். ஆக விந்து அந்த இடத்தில முன்கூட்டியே வந்து காத்துக்கொண்டு நிக்கவேணும்.

அங்கதான் கனபேருக்குத் தெரியாத விசயம் இருக்கு. பேட்டின்ர முட்டைக் குழாயின்ர அடிப்பக்கத்தில கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழல்கள் இருக்கு, சேவல் ஒருக்கா சேர்ந்தாலே விந்து அதுக்குள்ள போய்த் தங்கி, கொஞ்சம் கொஞ்சமா வெளியில வந்துகொண்டிருக்கும். கோழியில இது ரெண்டு கிழமை நல்லா நிக்கும், மூண்டு கிழமை வரைக்கும் சில பேட்டில நிக்கும். வான்கோழியில இன்னும் கனகாலம், ரெண்டு மாசத்துக்கு மேலயும் நிக்கும். அதாவது சேவல் செத்துப்போன பிறகும் அந்தச் சேவலுக்குக் குஞ்சு பிறக்கும். ஊரில எத்தினையோ பேர் "சேவல் இல்லாமலே பொரிச்சது" எண்டு சொல்லுற கதையின்ர உண்மை இதுதான்.

உங்கட சேவல் போய் ஒரு மாசத்துக்கு மேல எண்டு எழுதியிருக்கிறீங்கள். நீங்கள் அடைக்கு வைச்ச முட்டை எல்லாம் எப்ப போட்டது? சேர்த்து வைச்ச முட்டையா? சேவல் செத்து ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள போட்ட ஒரு முட்டை அதுக்குள்ள இருந்திருந்தா கதை அதோட முடிஞ்சுது. இல்லையெண்டா அடுத்த கேள்வி, உங்கட பேடுகள் கூட்டுக்குள்ளயே நிக்குதா, திறந்து விடுறீங்களா? எங்கட வன்னிப் பக்கம் வளவுக்கு வளவு மதிலா கிடக்கு? கிடுகு வேலியும் கம்பிக்கட்டையும்தானே, பக்கத்துச் சேவல் வர ஒரு நிமிசம் காணும். காட்டோரமா இருக்கிற வீடெண்டா காட்டுச்சேவலையும் கணக்கில எடுக்கவேணும். செக்கச்செவேல் எண்டு, கொண்டையில மஞ்சள் பட்டையோட விடியப்புறத்தில வளவுக்குள்ள வந்து மேயும், எங்கட நாட்டின்ர தேசியப் பறவையே அதுதான், அது ஊர்ப்பேட்டோட சேர்ந்து கலப்புக் குஞ்சு வாறதும் உண்டு.

இனி உண்மையாவே சேவல் கிட்ட வராத பேட்டில நடக்கிறதைப் பார்ப்பம். இதைக் கன்னிப்பிறப்பு எண்டு புத்தகத்தில சொல்லுவினம். 1952 அளவில அமெரிக்காவில மேரிலாண்ட் மாநிலத்து பெல்ட்ஸ்வில் எண்ட இடத்தில அரசாங்க விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில ஓல்சன், மார்ஸ்டன் எண்ட ரெண்டு பேர் வெள்ளை வான்கோழி வளர்த்து ஆராய்ச்சி செய்தவை. ஆண் வான்கோழியை ஒருநாளும் காணாத பேடுகள் போட்ட முட்டையை இன்குபேட்டரில வைச்சுப் பார்க்க, அதில கொஞ்ச முட்டையில கலங்கள் பிரிஞ்சு வளரத் தொடங்கியிருந்தது. அவை அதை விடேல்ல, எந்தப் பேட்டின்ர முட்டையில இது கூட வருதோ அந்தப் பரம்பரையைத் தெரிவு செய்து தெரிவு செய்து வளர்த்து, நூறு முட்டையில 40 அளவுக்குக் கிட்ட இப்பிடித் தொடங்குற மட்டுக்குக் கொண்டு வந்தினம். கனக்க முட்டையில வெறும் படலம்தான், உருவமே இல்லை. சிலதில கரு உண்டாகி நடுவில செத்தது. மிகக் கொஞ்சம் பொரிச்சது. அந்தக் கொஞ்சத்திலயும் சிலது வளர்ந்து, அதுகளின்ர விந்தில இருந்து குஞ்சும் பிறந்தது. தகப்பன் இல்லாமல் பிறந்தது தானே தகப்பனாச்சு, எனக்கு எத்தினை தரம் நினைச்சாலும் ஆச்சரியம் அடங்காத விசயம் இது. பிறகு கோழியிலயும் கண்டவை, டார்க் கோர்னிஷ் எண்ட இனத்தில கொஞ்சம் கூட.

எப்பிடி நடக்குது? கோழிக்கு 78 நிறமூர்த்தம், அதாவது பரம்பரைக் குணங்களைக் காவுற இழைகள், தாயிட்ட இருந்து 39, தகப்பனிட்ட இருந்து 39. தகப்பன்ர பங்கு வராட்டி முட்டையில பாதிதான் இருக்கு, அதோட ஒரு உடம்பு கட்ட ஏலாது. ஆனா அருமையா, தாயின்ர அந்தப் பாதியே ரெண்டு மடங்காகி முழுசாகிடும். ரெண்டு பேர் கையெழுத்து வைக்கவேண்டிய காணி உறுதியில ஒராளே ரெண்டு இடத்திலயும் வைச்ச மாதிரி. உறுதி பார்வைக்கு நிறைஞ்சிருக்கும், ஆனா தாயின்ர பக்கத்தில ஒளிஞ்சு கிடந்த குறை எல்லாம் மறைக்க ஆளில்லாமல் அப்பிடியே வெளியில வந்திடும், அதாலதான் பத்தில ஒன்பது அல்ல, நூறில தொண்ணூற்றொன்பது எண்டு சொல்லக்கூடிய அளவுக்கு இடையில செத்துப்போகுது.

அப்ப உங்கட முட்டைக்கு வருவம். சிவப்புக் கோடு எண்டு எழுதினீங்கள் பாருங்கோ, அதுதான் எனக்கு முக்கியம். சேவல் சேர்ந்து கரு கட்டி, மூண்டாம் நாலாம் நாளில செத்துப்போன முட்டையிலதான் இரத்தம் ஓரத்துக்கு ஒதுங்கி வளையம் மாதிரி நிக்கும். கோழியில கன்னிப்பிறப்பு எண்டா கூடுதலா இரத்தமே இல்லாத வெறும் படலம்தான். அதால என்ர முடிவு, இது எங்கயோ ஒரு சேவலின்ர முட்டைதான், மாமி சொன்ன மண் குளிப்பும் இல்லை. கோழி மண் குளிக்கிறது செட்டைக்குள்ள இருக்கிற பேனையும் தெள்ளையும் உதறத்தான், கருவுக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எண்டாலும் மாமியைக் குறை சொல்லாதேங்கோ, ஆணில்லாமல் போடுற முட்டையைக் காத்து முட்டை எண்டு கிரேக்கத்து அரிஸ்டோட்டில் 2300 வருசத்துக்கு முந்தியே எழுதி வைச்சவர், காத்தால வருது எண்டு அந்தக் காலத்து ஆக்களும் நம்பினவை. ஆணைக் காணாத பேடு முட்டை போடும் எண்டு கண்டு வைச்சது சரி, காரணம்தான் பிழை.

உங்களுக்கு வடிவா அறியவேணும் எண்டு ஆசை இருந்தா ஒரு பேட்டை நெட் அடிச்ச கூட்டில தனிய விடுங்கோ, ஒரு மாசத்துக்கு மேல போகட்டும், அதுக்குப் பிறகு போடுற முட்டையை மட்டும் பென்சிலால திகதி எழுதி அடைக்கு வையுங்கோ. அதிலயும் ஏதும் தெரிஞ்சா உங்கட பகுதி மிருக வைத்தியரிட்ட கொண்டுபோய்க் காட்டுங்கோ. முழுசா உறுதிப்படுத்த டிஎன்ஏ பார்க்கவேணும். அமெரிக்காவில கலிபோர்னியா கொண்டோர் எண்ட பெரிய கழுகு இனம் ஒண்டு இருக்கு, 1982 இல உலகத்திலயே 22 தான் மிஞ்சினது, பிடிச்சு வளர்த்துப் பெருக்கினவை. ஒவ்வொரு பறவையின்ர டிஎன்ஏயும் பதிஞ்சு வைச்சதால 2021 இல சான் டியேகோ மிருகக்காட்சிசாலை ஆராய்ச்சியாளர் ரெண்டு ஆண் குஞ்சுக்குத் தகப்பனே இல்லை எண்டு கண்டுபிடிச்சினம், அதுவும் ரெண்டு தாயும் நல்ல ஆண் பறவையோட ஒரே கூட்டில இருந்தே இப்பிடி. ஒரு குஞ்சு ரெண்டு வயதுக்குள்ள செத்தது, மற்றது எட்டு வயதை எட்டுறதுக்கு முந்திச் செத்தது. டிஎன்ஏ பார்க்காட்டி ஒருத்தரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டினம்.

கேள்வி: பாமில இருந்து 15 முட்டை வாங்கி அடைக்கு வைச்சன், 23 நாளாகியும் ஒண்டும் பொரிக்கேல்ல, எல்லாம் கூழ்முட்டை. முட்டையில குஞ்சு வராமல் இருக்க பாம்காரர் கோழிக்கு ஊசி போடுறவை எண்டு இங்க கதைக்கினம், உண்மையா?
வாசகி, மாங்குளம்

பதில்: அப்பிடி ஒரு ஊசி இல்லை அக்கா. முட்டைக்கு வளர்க்கிற லேயர் பாமில சேவலே விடமாட்டினம், சேவலுக்குத் தீன் போடுறது அவைக்கு நட்டம். மேல சொன்ன கன்னிப்பிறப்பு லேயர் கோழியிலயும் எப்பவாவது தொடங்கலாம், ஆனா அதை நம்பி ஒரு குஞ்சும் எதிர்பார்க்க ஏலாது.

எனக்கு இதில கவலை என்னெண்டா முட்டைக் காசு அல்ல, அந்த அடைக்கோழி. 23 நாள் சரியாத் தின்னாமல் குடிக்காமல் இருந்து உடம்பு இளைச்சு, திரும்பத் தேறி முட்டைக்கு வர இன்னும் எத்தினை கிழமை போகும். எங்கட பக்கம் தனிய நிண்டு குடும்பம் பார்க்கிற பெண்கள் கனபேருக்கு அந்த முட்டைக் காசுதான் பிள்ளையின்ர கொப்பியும் சீனியும் தேயிலையும். அதால தயவுசெய்து அடைக்கு வைக்கிற முட்டையை எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவலாவது நிக்கிற வீட்டில கேட்டு வாங்குங்கோ, போட்டு ஏழு நாளுக்குள்ளான முட்டையாப் பாருங்கோ.

வெயிலையும் யோசிக்கவேணும். சேவல் சேர்ந்த முட்டை வெளியில விழேக்கயே அதுக்குள்ள ஆயிரக்கணக்கில கலங்கள் இருக்கு, 27 பாகை தாண்டினா அது அரையும் குறையுமா வளரத் தொடங்கிடும். பங்குனி சித்திரையில தகரக் கூரைக்குக் கீழ வைச்ச முட்டை பகலில கொஞ்சம் வளர்ந்து ராவில நிண்டு, இப்பிடியே ரெண்டு மூண்டு நாளில உள்ளுக்கயே செத்துப்போகும், பிறகு எந்த அடைக்கோழியாலயும் அதைக் காப்பாத்த ஏலாது. தண்ணிப் பானைக்குப் பக்கத்தில, குளிர்ச்சியான மண் தரையில, கூரான பக்கம் கீழ இருக்கிற மாதிரி வையுங்கோ. தின்னுறதுக்கெண்டா சேவல் சேராத முட்டை இந்த வெயிலுக்குக் கூட நாள் தாங்கும்.

ஏழாம் நாள் ராத்திரி டோர்ச் அடிச்சுப் பார்க்கிறதைக் கட்டாயம் பழகுங்கோ. சிலந்தி வலை மாதிரி இரத்தக் குழாய் ஓடி நடுவில கறுத்தப் பொட்டு அசைஞ்சா நல்ல முட்டை. தெளிவா மஞ்சள் கரு நிழல் மட்டும் தெரிஞ்சா அது சும்மா முட்டை, எடுத்திடுங்கோ. எல்லாமே தெளிவா இருந்தா கோழியை அண்டைக்கே எழுப்பி விடுங்கோ, மிச்சம் ரெண்டு கிழமையை அந்தச் சீவன் வீணாக்கத் தேவையில்லை.

கேள்வி: நான் உயர்தரம் உயிரியல் படிக்கிறன். கன்னிப்பிறப்பில வந்த வான்கோழி எல்லாம் ஆண் எண்டு வாசிச்சன், தாயிட்ட இருந்து மட்டும் வந்தா பெண்ணாத்தானே இருக்கவேணும்? மனிசரில இது நடக்குமா?
மாணவன், மல்லாவி

பதில்: நல்ல கேள்வி தம்பி, கனக்கப் பெரியாக்களும் இதில தடுமாறுறவை. மனிசரில ஆணுக்குத்தான் ரெண்டு வேற வேற நிறமூர்த்தம், எக்ஸ், வை. பறவையில மறுவளம், சேவலுக்கு ரெண்டு இசட், பேட்டுக்கு ஒரு இசட் ஒரு டபிள்யூ. பேட்டின்ர முட்டைக்குள்ள ஒண்டில் இசட் இருக்கும், இல்லாட்டி டபிள்யூ இருக்கும். அது ரெண்டு மடங்காகேக்க ரெண்டு இசட் வந்தா ஆண். ரெண்டு டபிள்யூ வந்தா உயிர் பிழைக்க ஏலாது, ஏனெண்டா வாழுறதுக்குத் தேவையான கனக்க விசயம் இசட்டிலதான் இருக்கு. பிழைக்கிறது எல்லாம் ஆண். கொமோடோ உடும்புக்கும் இதே முறைதான், இங்கிலாந்தில செஸ்டர் மிருகக்காட்சிசாலையில புளோரா எண்ட உடும்பு ஆணோட சேராமலே 2006 இல முட்டை போட்டது, பொரிச்சதெல்லாம் ஆண்.

தேனீயில கணக்கு வேற. அதில விந்து சேராத முட்டை எப்பவுமே ஆண் தேனீயாத்தான் வரும், பாதி நிறமூர்த்தத்தோடயே அது வாழும், இதை 1845 இல சீர்சோன் எண்ட பாதிரியார் தன்ர தேன்கூட்டைப் பார்த்துச் சொன்னவர். பயத்தங்கொடி நுனியில மொய்க்கிற கறுத்தச் சின்னப் பூச்சியைப் பார்த்திருப்பீங்கள், அது ஆணே இல்லாமல் பெண்ணாப் பெத்துத் தள்ளுற இனம், ஒரே கிழமையில கொடி முழுக்க மூடுறது அதாலதான்.

இன்னொண்டு சொல்லுறன், இது உங்கட வீட்டுப் பூச்சாடிக்குக் கீழயே இருக்கும். மண்புழு அளவில, கறுத்து மினுங்கிக்கொண்டு, தலை எது வால் எது எண்டு தெரியாத குருட்டுப் பாம்பு. மழைக்கு வெளியில வந்தா உடன அடிச்சுக் கொல்லுவினம். அந்த இனத்தில ஆணே இல்லை தம்பி, எல்லாம் பெண், ஒரு பாம்பு தனியவே முட்டை போட்டுத் தன்னை மாதிரியே பெருக்கும், அதாலதான் பூச்சாடி மண்ணோட கப்பலேறி உலகம் முழுக்கப் பரவினது. விசம் இல்லை, எறும்பு முட்டையும் கறையான் குஞ்சும்தான் தின்னும். இனிமேல் கண்டா அடிக்க விடாதேங்கோ.

மனிசரில நடக்காது. எங்களைப் போல பாலூட்டியளில சில மரபணுக்கள் தாயிட்ட இருந்து வந்தா மூடிக் கிடக்கும், தகப்பனிட்ட இருந்து வந்தாத்தான் வேலை செய்யும், சிலது மறுவளமா. ரெண்டு பக்கமும் இல்லாட்டிக் கரு நிலைக்காது. 2004 இல டோக்கியோவில கோனோ எண்ட விஞ்ஞானியின்ர குழு ரெண்டு தாய் எலியின்ர முட்டைகளைச் சேர்த்து ஒரு எலியை உண்டாக்கினது, காகுயா எண்டு பெயர், ஆனா அதுக்கு மரபணுவையே மாத்தவேண்டி வந்தது, நூற்றுக்கணக்கான முட்டையில ஒண்டுதான் வளர்ந்து பெரிசானது.

கேள்வி: முட்டையை உடைக்கேக்க மஞ்சள் கருவில இரத்தப் பொட்டு கிடந்தா அது குஞ்சு பிடிச்ச முட்டையா?
வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: இல்லை. மஞ்சள் கரு சூலகத்தில இருந்து கழரேக்க சின்ன இரத்தக் குழாய் வெடிச்சு ஒரு துளி ஒட்டினது. சேவல் இல்லாத பாம் முட்டையிலயும் வரும். கரண்டியால எடுத்துப்போட்டு வடிவா அவிச்சு, இல்லாட்டிப் பொரிச்சுச் சாப்பிடலாம்.

கேள்வி: விரத நாளில சேவல் சேராத முட்டை சாப்பிடலாமா? அதில உயிர் இல்லைத்தானே?
வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: அதில குஞ்சாகிற கரு இல்லை எண்டது சரி. மஞ்சள் கருவில தெரியிற வெள்ளைப் புள்ளி கட்டியா, ஒழுங்கில்லாமல் கிடந்தா சேவல் சேராதது, நடுவில தெளிஞ்ச வட்டமா வளையம் கட்டிக் கிடந்தா சேர்ந்தது, நீங்களே பார்த்து அறியலாம். ஆனா விரதம் எண்டது நீங்கள் கும்பிடுற சாமிக்கு முன்னால நீங்கள் எடுக்கிற கட்டுப்பாடு, எங்கட சைவ வீடுகளில முட்டையை எந்த வகையெண்டாலும் மச்சத்தோடதான் சேர்த்து வைச்சிருக்கினம். விஞ்ஞானம் சொல்லி அதை மாத்தச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

கேள்வி: மூண்டு வருசமா முட்டை போட்ட பேடு இப்ப சேவல் மாதிரிக் கூவுது, கொண்டையும் பெருத்திட்டுது. வீட்டுக்குக் கூடாது, வெட்டு எண்டு எல்லாரும் நிக்கினம். இது சேவலா மாறினா மற்றப் பேடுகளின்ர முட்டையில குஞ்சு வருமா?
வாசகர், நெடுங்கேணி

பதில்: வீட்டுக்கு ஒரு கூடாததும் வராது ஐயா. பேட்டுக்கு இடப்பக்கச் சூலகம் மட்டும்தான் வளர்ந்து வேலை செய்யிறது, வலப்பக்கம் சின்னதிலயே நிண்டுபோகும். இடப்பக்கத்தில கட்டியோ கிருமியோ வந்து பழுதானா பெண் ஓமோன் குறைஞ்சு, வலப்பக்கம் கிடந்தது ஆணுறுப்பு மாதிரி வளரும், அதால கொண்டை பெருக்கும், முள் வளரும், இறகு கழண்டு முளைக்கேக்க சேவல் இறகு முளைக்கும், கூவும். உள்ளுக்கு இருக்கிற நிறமூர்த்தம் பேட்டின்ரதுதான், அது மாறாது, விந்து உண்டாகி முட்டை கரு கட்டுறது அருமையிலும் அருமை, அதை நம்பி அடை வைக்காதேங்கோ. குஞ்சு வேணுமெண்டா சேவல் ஒண்டு வாங்குங்கோ. இந்தப் பேடு இனி முட்டைக்கு வருமெண்டு நினைக்கேல்ல, சூலகத்தில நோய் இருக்கக்கூடும் எண்டதால மிருக வைத்தியரிட்ட ஒருக்காக் காட்டுங்கோ, மூண்டு வருசம் உங்களுக்கு முட்டை தந்த சீவன், வருத்தத்துக்குத் தண்டனை குடுக்கவேண்டாம்.